காப்பகத்தில் நாயும் பூனையும்

தெருவோரத்தில் நனைந்து நடுங்கும் நாய்க்குட்டியையோ, தாயைப் பறிகொடுத்த பூனைக்குட்டியையோ கண்டு மனமிரங்கி, அதைத் துணியிற் சுற்றி எடுத்துச் சென்று பிராணிகள் காப்பகத்தில் ஒப்படைத்துவிட்டு வருகிறவர்கள் நம்மிடையே பலர் உண்டு. ஒப்படைத்த பிறகு அவர்கள் நெஞ்சில் ஒரு நிறைவு. 'இனி அதற்குக் குறையில்லை' என்று சொல்லிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். அந்த நிறைவைக் குலைக்க வேண்டும் என்பது என் நோக்கமன்று. ஆனால் கதவு மூடிய பிறகு உள்ளே அந்தப் பிராணிக்கு என்ன நேர்கிறது என்பதை நாம் தெரிந்துகொள்வது நல்லது. ஏனெனில், சில நாடுகளில் நாய்க்கும் பூனைக்கும் மிகவும் ஆபத்தான இடங்களுள் ஒன்றாகக் காப்பகமே நெடுங்காலம் இருந்துவந்திருக்கிறது.

இதை விளக்குவதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளை எடுத்துக்கொள்கிறேன். அங்கே இரக்கம் குறைவு என்பதனால் அன்று. அங்கே காப்பகங்கள் மிகுதி. உள்ளே வந்தவை எத்தனை, உயிரோடு வெளியே போனவை எத்தனை என்று எழுதி வைத்து, அதை ஒளிக்காமல் பேசும் வழக்கமும் வளர்ந்திருக்கிறது. கணக்கு எழுதப்படாத இடத்தில் துயரமே இல்லை என்று பொருளாகாது அல்லவா?

கதை நியூயார்க் நகரில் தொடங்குகிறது. பயிரை மேய்ந்த மாட்டை நம் ஊர்களில் பவுண்டில் அடைப்பது போல, பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த நகரத்தில் தெரு நாய்களை அடைப்பதற்கும் ஒரு பவுண்டு இருந்தது. உரியவர் வந்து மீட்காத நாய்களை ஓர் இரும்புக் கூண்டிலே திணித்து, பாரந்தூக்கியால் அந்தக் கூண்டைத் தூக்கி, ஈஸ்ட் ஆற்றிலே அமிழ்த்திக் கொன்றார்கள். 1866ஆம் ஆண்டில் ஹென்றி பெர்க் என்பவர் பிராணி வதையைத் தடுப்பதற்கென்று ஒரு சங்கத்தை அந்த நகரில் நிறுவினார். வண்டிக் குதிரையை அடித்தவனை நடுத்தெருவில் நிறுத்தி நியாயம் கேட்ட மனிதர் அவர். நாய்ப் பவுண்டைச் சங்கமே ஏற்று நடத்தலாம் என்ற பேச்சு எழுந்தபோதெல்லாம் அவர் இணங்கவில்லை. 1888இல் அவர் காலமானார். ஆறு ஆண்டுகள் கழித்து, 1894இல், சங்கம் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டது.

ஏற்றுக்கொண்டவர்களின் எண்ணம் தூயதே. ஆற்றில் அமிழ்த்துவதைவிட நச்சுவாயு குறைந்த வேதனை தரும் என்று அவர்கள் நம்பினார்கள். ஆனால் பிடிபடும் நாய்களின் தொகை அவர்கள் கையில் இல்லை. கொண்டுபோகக் கேட்டு வருகிறவர்களின் தொகையும் அவர்கள் கையில் இல்லை. வதையினின்று காப்பதற்குத் தோன்றிய சங்கமே ஏறத்தாழ நூறு ஆண்டுகள் நகரத்தின் கொலைத்தொழிலையும் நடத்த வேண்டியதாயிற்று. 1994இன் இறுதியோடுதான் அது அந்த ஒப்பந்தத்தினின்று விலகியது. பெர்க் ஏன் இணங்கவில்லை என்பதை இப்போது நினைத்துப் பார்த்தால், அவர் தொலைநோக்கு உடையவர் என்றே சொல்லத் தோன்றுகிறது.

பிலடெல்பியா நகரிலே கரோலின் எர்ல் ஒயிட் அம்மையாரும் அவருடைய தோழியரும் 1869இல் தொடங்கிய மாதர் சங்கமும், சான் பிரான்சிஸ்கோவிலே 1868இல் பிறந்த சங்கமும் இதே வழியில் நடந்தவைதாம். அன்பு செலுத்த வந்தவர்கள் கையிலேயே கொல்லும் வேலையும் வந்து சேர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைத் தாண்டியபோது இது ஒரு பெருந்தொழிலாகவே ஆகிவிட்டது. 1970களில் அமெரிக்கக் காப்பகங்களில் ஆண்டொன்றுக்கு 1 கோடிக்கும் மேற்பட்ட நாய்களும் பூனைகளும் கொல்லப்பட்டன என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். 2011இல் அந்தத் தொகை ஏறத்தாழ 26 லட்சம். 2019இல் 9 லட்சத்து 20 ஆயிரம். குறைந்திருக்கிறது, பெரிதும் குறைந்திருக்கிறது. எப்படிக் குறைந்தது என்பது கவனிக்கத்தக்க செய்தி. அதைச் சொல்வதற்கு முன்னால், ஏன் கொல்கிறார்கள் என்பதைச் சொல்ல வேண்டும்.

காப்பகத்து அலுவலரைக் கேட்டால் மூன்று காரணங்களைச் சொல்வார். ஒன்று, இடம் இல்லை. இரண்டு, நோய். மூன்று, கடிக்கும் சுபாவம் அல்லது அடங்காத சுபாவம். ஏட்டிலே இவை மூன்று தனித்தனி பத்திகளில் எழுதப்படுகின்றன. ஆனால் சற்றுக் கூர்ந்து நோக்கினால் மூன்றும் ஒரே கயிற்றின் மூன்று புரிகள் என்பது விளங்கும்.

பூனையை எடுத்துக்கொள்வோம். பூனை தன் இடத்தோடு ஒட்டிய பிராணி. வீட்டிலே நாற்காலியை இடம் மாற்றி வைத்தால்கூட ஒரு நாள் முழுவதும் சுற்றிச் சுற்றி மோந்து பார்க்கும் இயல்புடையது. அதை ஒரு கம்பிக் கூண்டில் அடைத்து, பக்கத்து அறையில் நாய்கள் குரைக்க, எதிர்க் கூண்டுகளில் அறிமுகமில்லாத பூனைகள் முறைக்க, விளக்கு வெளிச்சத்தில் உட்கார வைத்தால் அது என்ன பாடுபடும்! இந்தக் கலக்கம் வெறும் மனக்கலக்கமாக நிற்பதில்லை. பூனைகளுக்கு ஹெர்ப்பிஸ் இனத்தைச் சேர்ந்த ஒரு வைரஸ் உண்டு. குட்டிப் பருவத்தில் ஒரு முறை அது தொற்றினால், பெரும்பாலான பூனைகளின் உடலில் ஆயுள் முழுவதும் தங்கிவிடுகிறது. முகத்து நரம்பின் முடிச்சுக்குள்ளே ஒளிந்துகொண்டு, உறங்குவது போல் கிடக்கிறது. பூனை அமைதியாக வாழும்வரை அதுவும் அமைதியாக இருக்கும். பூனை கலங்கினால் அது விழித்துக்கொள்ளும். கூண்டுக்கு வந்து ஏறத்தாழ ஒரு வாரம் கழியும்போது தும்மல், கண்ணில் நீர், மூக்கடைப்பு, வாயில் புண். மூக்கு அடைத்த பூனைக்கு வாசனை தெரியாது. வாசனை தெரியாத பூனை உண்ணாது. ஒரு பூனை தும்மினால் அடுத்த கூண்டிலிருக்கும் குட்டிக்கும், அதைத் துடைக்கும் ஊழியரின் கை வழியே பத்துக் கூண்டுகளுக்கும் நோய் போகிறது.

அந்தப் பூனையை வெளியிலிருந்து யாரும் கொண்டுவந்து நோயாக்கவில்லை. கூண்டே அதை நோயாக்கியது. நோயான பூனையை யாரும் வளர்க்கக் கேட்பதில்லை. அது குணமாகும்வரை இன்னும் இரண்டு மூன்று வாரங்கள் தங்க வேண்டும். தங்கினால் இடம் நெருங்கும். நெருங்கினால் மற்றவை கலங்கும். இப்படிச் சக்கரம் சுழல்கிறது. இறுதியில் ஒரு நாள் கதவண்டை புதிய பூனைகள் காத்திருக்க, தும்மும் பூனையின் அட்டையில் 'நோய்' என்று எழுதிக் கருணைக்கொலை செய்துவிடுகிறார்கள். உண்மையில் அதன் நோய் சளி. மனிதர்களுக்கு வந்தால் மிளகு ரசம் வைத்துக் குடிக்கிறோமே, அந்தத் தரத்து நோய்!

இங்கே ஒரு சிறு கணக்கு. பள்ளிக்கூடத்துக் கணக்குத்தான். ஒரு காப்பகத்திற்கு நாள்தோறும் 10 பூனைகள் வருகின்றன. நாள்தோறும் 10 பூனைகள் நல்ல வீடுகளுக்குப் போகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பூனையும் 10 நாள் தங்கினால் உள்ளே எப்போதும் 100 பூனைகள் இருக்கும். ஒவ்வொன்றும் 20 நாள் தங்கினால் 200 இருக்கும். இரண்டு வகையிலும் வீடு போய்ச் சேர்கிறவை நாளொன்றுக்கு 10தான்; ஒன்றுகூடக் கூடவில்லை. ஆனால் பெருக்க வேண்டிய கூண்டுகள் இரு மடங்கு. பரவும் நோயோ இரு மடங்கோடு நிற்காது. காப்பகத்தில் நோயைக் குறைக்க விரும்புகிறவர் முதலிற் கேட்க வேண்டிய கேள்வி 'என்ன மருந்து?' என்பதன்று, 'எத்தனை நாள்?' என்பதே. காப்பக மருத்துவம் என்று கால்நடை மருத்துவத்தில் தனியே ஒரு பிரிவு சென்ற கால் நூற்றாண்டில் வளர்ந்திருக்கிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் இதற்கென்று ஒரு துறையே நடக்கிறது. அந்தத் துறையார் ஓயாமல் சொல்லிவருவது இந்தக் கணக்கைத்தான்.

மேலும் சில எளிய உண்மைகளை அவர்கள் கண்டறிந்தார்கள். 9 காப்பகங்களில் பூனைகளைக் கவனித்து 2018இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், கூண்டின் தரைப்பரப்பு கூடினால் தும்மல் நோய் குறைகிறது என்றும், வந்த முதல் வாரத்தில் பூனையைக் கூண்டு விட்டுக் கூண்டு மாற்றாமல் இருந்தால் இன்னும் குறைகிறது என்றும் கண்டார்கள். நெதர்லாந்தில் 2014இல் வெளியான ஒரு சிற்றாராய்ச்சியைப் பார்த்தால் சிரிப்பும் வரும், வியப்பும் வரும். புதிதாக வந்த 19 பூனைகளில் சிலவற்றின் கூண்டுக்குள் ஒளிந்துகொள்ள ஒரு பெட்டியை வைத்தார்கள், மற்றவற்றுக்கு வைக்கவில்லை. பெட்டி கிடைத்த பூனைகள் சில நாட்களிலேயே அமைதியடைந்தன. ஒரு காலிப் பெட்டி! பூனை வளர்த்த நம் பாட்டிமார்களைக் கேட்டிருந்தால் அவர்களே சொல்லியிருப்பார்கள்.

நாய்க்கு வருவோம். நாயின் காப்பகத் துன்பங்களில் முதலாவது ஓசை. சிமென்டுச் சுவர்களுக்கிடையே நாய்கள் ஒன்றைக் கண்டு ஒன்று குரைக்கும்போது எழும் சத்தம் 100 டெசிபெல்லைத் தாண்டுவதை அளந்திருக்கிறார்கள். மனிதரைவிடக் கூர்மையான செவியுடைய பிராணி அந்த இரைச்சலிலேயே உண்டு உறங்க வேண்டும். முதல் மூன்று நாட்களில் அதன் இரத்தத்தில், அச்சத்தின் அறிகுறியாகிய கார்ட்டிசால் என்னும் சுரப்பு மிகுந்திருக்கிறது. மூன்றாம் நாளோடு பல ஊர்களில் சட்டப்படி உரியவருக்காகக் காத்திருக்கும் கெடுவும் முடிந்துவிடும். எந்த நேரத்தில் நாய் தன் இயல்பில் இல்லையோ அந்த நேரத்தில்தான் அதன் தலைவிதி தீர்மானமாயிற்று. கலிபோர்னியா மாநிலம் 1998இல் ஒரு சட்டம் இயற்றி அந்தக் கெடுவை நீட்டியது. நல்ல சட்டம். ஆனால் முன்சொன்ன கணக்கு இங்கேயும் குறுக்கே வருகிறது என்பதைக் கவனியுங்கள். கூடுதல் கூண்டும் கூடுதல் ஆளும் கொடுக்காமல் கூடுதல் நாளை மட்டும் கொடுத்தால், காக்க வந்த சட்டமே நெருக்கடிக்குக் காரணமாகலாம்.

நாயின் நோய்களில் கொடியவை இரண்டு. டிஸ்டெம்பர் என்பது பழைய எதிரி. தொற்றிய பிறகு ஒரு வாரம், இரண்டு வாரம் வெளியே தெரியாமல் இருந்து, பிறகு சளியாகவும் கழிச்சலாகவும் தொடங்கி, வலிப்பில் முடியும். வெளியே தெரியாத அந்த நாட்களிலேயே நாய் மற்ற நாய்களுக்கு நோயைக் கொடுக்கத் தொடங்கிவிடுகிறது. மற்றொன்று பார்வோ. இது புதிய எதிரி. பூனைகளைக் கொல்லும் ஒரு வைரஸின் நெருங்கிய உறவான இது 1978இல் திடீரென்று வெளிப்பட்டு, இரண்டே ஆண்டுகளில் உலகம் முழுவதும் பரவிவிட்டது. இரத்தக் கழிச்சல், வாந்தி, குட்டியானால் சில நாட்களில் மரணம். இதன் பெரிய கொடுமை, நாய் இறந்த பிறகும் வைரஸ் இறப்பதில்லை என்பது. மண்ணிலே மாதக்கணக்காக, நிழலான ஈர மண்ணானால் ஓராண்டுகூட, அது உயிர்ப்போடு கிடக்கும்.

இதை நான் ஏட்டிலே படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. இளம் கால்நடை மருத்துவனாக இருந்த நாளில், வாரம் ஒரு முறை ஒரு சிறிய காப்பகத்திற்குச் சென்று வருவேன். ஒரு நாள் யாரோ ஒரு சாக்கிலே 7 குட்டிகளைக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். கொழுகொழுவென்று இருந்தன. கூண்டிலே அடைந்து கிடப்பானேன் என்று இரங்கி, வேப்பமரத்து நிழலில் மண் முற்றத்திலே விளையாட விடும்படி சொன்னவன் நான். அந்த முற்றத்தில் இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு நாய் கழிச்சலில் இறந்தது எனக்கு நினைவில்லாமற் போயிற்று. நாள்தோறும் ஃபினாயில் தெளித்திருக்கிறார்கள். வாசனை மூக்கைத் துளைத்தது. ஆனால் பார்வோவுக்கு ஃபினாயில் ஒரு பொருட்டன்று. அடுத்த வாரம் நான் சென்றபோது 5 குட்டிகள் இல்லை. மற்ற இரண்டையும் நானே ஊசி போட்டு உறங்க வைத்தேன். ஏட்டிலே 'கருணைக்கொலை, நோய்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அந்த வரியில் எழுதப்படாத காரணம் ஒன்று உண்டென்பது எனக்குத் தெரியும்.

பிற்காலத்தில் நான் கற்றதையும் சொல்லிவிடுகிறேன். குட்டிகளை மண்ணில் விடலாகாது. தரை கழுவத்தக்கதாக இருக்க வேண்டும். முதலில் அழுக்கை நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு, அதன் பிறகு 1 பங்கு சலவைத் திராவகத்துக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஊற விட வேண்டும். அழுக்கின்மேல் ஊற்றிய திராவகம் அழுக்கோடு தன் வலிமையை இழந்துவிடும். தடுப்பூசியை 'நாளைக்குப் போடலாம்' என்று தள்ளிவைக்கலாகாது. வாசற்படி தாண்டும்போதே போட வேண்டும். குட்டிகளின் உடலில் தாய்ப்பாலின் வழியே வந்த எதிர்ப்புப்பொருள் இருக்கும். அது நோயையும் ஓரளவு தடுக்கும், தடுப்பூசியையும் சேர்த்துத் தடுத்துவிடும். அது எப்போது வற்றும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடுவதால், காப்பகத்துக் குட்டிக்கு ஆறாவது வாரம் வாக்கில் தொடங்கி, இரண்டு வாரத்திற்கு ஒரு முறையாக, ஐந்தாவது மாதம் வரை ஊசி போட்டுக்கொண்டே போவதுதான் முறை. கூண்டுகளைப் பெருக்குகிறவர் முதலில் நலமான குட்டிகளையும், பிறகு நலமான பெரியவற்றையும், கடைசியாக நோயாளிகளையும் கவனிக்க வேண்டும். இந்த வரிசை தலைகீழானால் பெருக்குகிறவரே நோய் சுமக்கும் வண்டியாகிவிடுவார்.

மூன்றாவது காரணமாகிய சுபாவத்தைப் பற்றி எனக்குச் சற்றுக் கடுமையான அபிப்பிராயம் உண்டு. 1990களிலும் அதன் பிறகும் பல காப்பகங்களில் நாயின் குணத்தைச் சோதிப்பதற்கு ஒரு முறை கையாளப்பட்டது. நீண்ட கோலின் நுனியில் ரப்பர்க் கை ஒன்றைப் பொருத்தி, நாய் உண்ணும்போது அதன் தட்டை அந்தக் கையால் இழுப்பார்கள். நாய் உறுமினால் அல்லது கவ்வினால், அது தேறவில்லை. தேறாத நாய்கள் பலவற்றுக்கு முடிவு ஊசிதான். பல நாள் பட்டினி கிடந்து, புதிய இடத்தில், இரைச்சலுக்கு நடுவே, முதன் முதலாகக் கிடைத்த சோற்றை ஒரு பொம்மைக் கை பறிக்கிறது! உறுமாத நாயைப் பார்த்துத்தான் நான் கவலைப்படுவேன். 2016இல் கேரி பாட்ரோனெக், ஜேனிஸ் பிராட்லி என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் இத்தகைய சோதனைகளின் கணக்கியலை ஆராய்ந்து, நாணயத்தைச் சுண்டிப் பூவா தலையா பார்ப்பதைவிட இவை மேலானவையல்ல என்று எழுதினார்கள். காப்பகத்தில் உறுமிய நாய்களிற் பல, வீட்டுக்குச் சென்றபின் உறுமுவதில்லை. நாயின் சுபாவம் என்று நாம் எழுதியது பெரும்பாலும் கூண்டின் சுபாவமே. உண்மையிலேயே மனிதரைக் கொல்லத்தக்க வெறியுடைய நாய்கள் இல்லையென்று நான் சொல்லவில்லை. உண்டு, மிகச் சில.

கொல்லும் முறையைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. ஆற்றுக்குப் பின் நச்சுவாயு வந்தது. 1950க்குப் பின் பல நகரங்களில், பெட்டியிலிருந்து காற்றை உறிஞ்சிவிடும் ஓர் இயந்திரம் வந்தது. மலைமேல் ஏறினால் மயக்கம் வருவது போல இதமான சாவு என்று விளம்பரம் செய்தார்கள். அது இதமானதன்று என்பது தெரிந்து, 1970களிலும் 1980களிலும் ஒவ்வொரு நகரமாக அதைக் கைவிட்டது. 2003ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் செயின்ட் லூயிஸ் நகரத்து நச்சுவாயு அறையைத் திறந்தபோது, மற்ற நாய்கள் இறந்துகிடக்க, ஒரு நாய் மட்டும் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. திறந்தவருக்கு மறுபடியும் கதவை மூட மனம் வரவில்லை. நச்சுவாயு அறைக்குப் பேர்போன சான் குவென்டின் சிறையின் பேரால் அந்த நாய்க்குக் குவென்டின் என்று பெயரிட்டார்கள். பின்னர் அந்த நகரம் நச்சுவாயுவை நிறுத்திவிட்டது. இன்று அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம் விரும்பிப் பரிந்துரைப்பது நரம்பின் வழியே செலுத்தும் பென்டோபார்பிட்டால் ஊசியையே. சில விநாடிகளில் நினைவு தப்பிவிடும். பிராணிக்கு அது இதமானதுதான். ஊசி போடுகிறவருக்கோ? காலையில் குளிப்பாட்டிப் பெயர் சொல்லி அழைத்த நாயை மாலையில் தன் மடியில் வைத்துக் கொல்ல வேண்டிய ஊழியர்களின் மனநிலையைச் சமூகவியல் அறிஞர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்களிற் பலர் அந்த வேலையில் நெடுநாள் நிலைப்பதில்லை. வெளியிலிருந்து அவர்களைக் கொலைகாரர் என்று ஏசுகிறவர்கள், குட்டிகளைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து போட்டவனை ஏசுவதில்லை.

தொகை எப்படிக் குறைந்தது என்று சொல்வதாகக் கூறினேன். முதற்பெருங்காரணம் கருத்தடை அறுவை. 1971இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகராட்சி குறைந்த கட்டணத்தில் இதைச் செய்யும் மருத்துவமனையைத் திறந்தது. பிற ஊர்களும் தொடர்ந்தன. பிறப்பவை குறைந்தால் வாசலில் வந்து விழுபவையும் குறையும். இரண்டாவது காரணம் மனமாற்றம். 1980இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு வழக்கு நடந்தது. இறந்துபோன ஒரு மூதாட்டி, தன் நாய் சிடோ அயலார் கையில் துன்பப்படலாகாது என்று அஞ்சி, அதைக் கொன்றுவிடும்படி உயிலில் எழுதியிருந்தார். அப்போது பிராணி வதைத் தடுப்புச் சங்கத்தின் தலைமையில் இருந்த ரிச்சர்டு அவன்சீனோ நாயை ஒப்படைக்க மறுத்து நீதிமன்றம் சென்றார், நாய் பிழைத்தது. அதே மனிதர் 1994இல் அந்த நகரத்துப் பவுண்டோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். வளர்க்கத்தக்க நலமுள்ள எந்தப் பிராணியையும், பவுண்டார் இடம் கொடுக்க இயலாவிட்டால், சங்கம் ஏற்றுக்கொள்ளும் என்பது அதன் சாரம். கொல்லாக் காப்பகம் என்னும் இயக்கம் அங்கிருந்துதான் வலுப்பெற்றது. 100க்கு 90 உயிரோடு வெளியேறினால் அந்தப் பெயருக்கு உரியது என்பது இப்போது வழக்கில் உள்ள அளவுகோல்.

எனக்கு மிகவும் பிடித்த சான்று கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரத்தினுடையது. அங்கே 2010 மார்ச்சு முதல், மனிதரோடு பழகாத தெருப்பூனைகள் காப்பகத்துக்கு வந்தால், கொல்லாமலும் அடைத்து வைக்காமலும், கருத்தடை செய்து ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விட்டார்கள். 4 ஆண்டுகளில் 10 ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட பூனைகள். காப்பகத்துக்கு வரும் பூனைகளின் தொகை 29 விழுக்காடு குறைந்தது. ஆனால் தும்மல் நோய் காரணமாகக் கொல்லப்பட்ட பூனைகளின் தொகை எவ்வளவு குறைந்தது தெரியுமா? 99 விழுக்காடு. புதிய மருந்து ஏதும் கண்டுபிடிக்கவில்லை. நெருக்கம் தீர்ந்தது, அவ்வளவுதான்.

கொல்லாமை என்னும் பெயர் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். கணக்கு நன்றாகத் தெரிய வேண்டுமென்பதற்காக, கடிக்கும் நாயையும் ஆறாத நோயாளியையும் ஆண்டுக்கணக்காக நாலடிக் கூண்டில் வைத்திருக்கும் காப்பகங்களும் உண்டு. அவை தம்மைத்தாமே சுற்றிச் சுற்றி வந்து வாலைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும். அவற்றைப் பார்த்தவர்கள், உயிரோடு இருப்பதையும் வாழ்வதையும் ஒன்றாகக் கருதமாட்டார்கள். வேறு சில காப்பகங்கள் 'இடமில்லை' என்று கதவை மூடிவிட்டுத் தம் ஏட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்கின்றன. அங்கே நுழையாத பிராணி வேறெங்கோ இறக்கிறது.

நம் நாட்டுச் செய்திக்கு வருகிறேன். சென்னை மாநகராட்சி நூறாண்டுக்கு மேலாகத் தெரு நாய்களைப் பிடித்துக் கொன்றுவந்தது. நாய்களும் ஒழியவில்லை, வெறிநோயும் ஒழியவில்லை. 1959இல் சென்னையில் தொடங்கப்பெற்ற புளூ கிராஸ் சங்கம், 1964இலேயே, கருத்தடை செய்து ஊசி போட்டு இருந்த இடத்திலேயே விடும் திட்டத்தை முன்வைத்தது. லாஸ் ஏஞ்சல்ஸுக்கு ஏழு ஆண்டுகள் முந்திய செய்தி இது; நாம் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதே இல்லை. மாநகராட்சி அதை ஏற்க 1996 ஆயிற்று. 2001இல் மைய அரசின் விதிகள் இந்த முறையை நாடு முழுவதற்கும் ஆக்கின. 2023இல் புதிய விதிகள் வந்தன. தீராத நோயும் உயிர்பிழைக்க இயலாத காயமும் உள்ள நாய்க்கே கருணைக்கொலை என்று அவை வரையறுத்தன.

2025 ஆகஸ்டு 11ஆம் தேதி, தில்லி வட்டாரத்துத் தெரு நாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கும்படி உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அந்த மாதம் 22ஆம் தேதி மூன்று நீதிபதிகள் அதைத் திருத்தி, வெறிநோய் உடையவையும் மூர்க்கமானவையும் தவிர, மற்றவற்றைக் கருத்தடையும் ஊசியும் முடித்து இருந்த இடத்திலேயே விடச் சொன்னார்கள். நவம்பர் 7ஆம் தேதி, பள்ளிகள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள், இரயில் நிலையங்கள் முதலிய இடங்களிலிருந்து அகற்றப்படும் நாய்களைக் காப்பகங்களில் வைக்குமாறும் மீண்டும் அங்கே விடலாகாதென்றும் ஆணை பிறந்தது. கடிபட்ட குழந்தைகளின் துயரத்தைச் சிறிதென்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. வெறிநோயில் ஒரு குழந்தை இறப்பதைக் கண்ட எவரும் அதை மறக்கமாட்டார். ஆனால் காப்பகம் என்ற சொல்லை எழுதிவிட்டதனாலேயே காப்பகம் உண்டாகிவிடாது. வெளியே போகும் வழியில்லாத காப்பகத்தில் நாய் தங்கும் நாள் எத்தனை? அதன் ஆயுள் எத்தனையோ அத்தனை. பத்து நாளுக்கு நூறு கூண்டு என்று நான் போட்ட கணக்கைப் பத்து ஆண்டுக்குப் போட்டுப் பாருங்கள்.

உங்கள் ஊரில் காப்பகம் ஒன்று எழும்பினால், திறப்பு விழாவுக்குப் போகாவிட்டாலும் பரவாயில்லை. ஆறு மாதம் கழித்து ஒரு காலை வேளையில் போய்ப் பாருங்கள். நான் போனால், புதிதாக வந்தவற்றுக்குத் தனி அறை உண்டா, ஊசி எப்போது போடுகிறார்கள், தரை மண்ணா சிமென்டா, பெருக்குகிறவர் எந்தக் கூண்டிலிருந்து தொடங்குகிறார் என்றெல்லாம் பார்ப்பேன். பூனையின் கூண்டுக்குள் காலி அட்டைப்பெட்டி ஒன்று கிடக்கிறதா என்று எட்டிப் பார்ப்பேன். பிறகு அலுவலகத்துக்குப் போய் ஏட்டைக் கேட்பேன். அதில் மூன்று பத்திகள் இருக்க வேண்டும்: வந்த தேதி, போன தேதி, போன விதம்.